குருதி தேடிய புதுவழி

1785ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, இலண்டன் மாநகரின் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில், 45 வயதுடைய குதிரைவண்டிச் சாரதியொருவர் சத்திரசிகிச்சையை எதிர்நோக்கிக் கிடந்தார். அவருடைய முழங்காலின் பின்புறத்தில் நாடியின் சுவர் மெலிந்து, பைபோலப் புடைத்திருந்தது. அது வெடிக்குமாயின் உயிருக்கு மோசம். அக்கால வைத்தியர் கையாண்ட வழிகள் இரண்டு. வீக்கத்தைக் கீறித் திறந்து, நாடியை அவ்விடத்திலேயே கட்டுதல் ஒன்று. காலையே துணித்துவிடுதல் மற்றொன்று. இரண்டுமே நோயாளியை மரணத்தின் வாயிலுக்குக் கொண்டுசெல்லக் கூடியவை.

ஜோன் ஹன்டர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுச் சத்திரவைத்தியர் மூன்றாவது வழியொன்றைத் தெரிந்தார். வீக்கத்தைத் தொடாமல், அதற்கு மேலே, தொடையில் நாடி நலமாயிருந்த இடத்தில் அதனைக் கட்டினார். பிரதான நாடியைக் கட்டினால் குருதியின்றிப் பாதம் அழுகிவிடாதோ என்று எவரும் அஞ்சுவர். ஆயின் கால் அழுகவில்லை, வீக்கமும் சுருங்கியது. அடுத்த மாதமே நோயாளி வைத்தியசாலையை விட்டு நீங்கினார். 1787இல் அவர் வேறொரு காய்ச்சலால் இறந்தபின் அக்கால் அறுத்து ஆராயப்பட்டது. கட்டப்பட்ட நாடி அடைபட்டே இருந்தது. குருதியோ பக்கக் கிளைகளின் வழியே காலைப் பேணி வந்திருந்தது.

ஹன்டருக்கு இத்துணிவு எங்ஙனம் வந்தது? றிச்மண்ட் பூங்காவிலே மானொன்றின் கழுத்து நாடியை அவர் கட்டினார் என்றும், குளிர்ந்துபோன இளங்கொம்பு சில நாட்களில் மீண்டும் வெப்பமுற்றது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அடைபட்ட வழிக்குப் பதிலாக உடல் வேறு வழியைப் பெருப்பிக்கும் என்னும் உண்மையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பெருவாய்க்கால் அடைபட்டால் நீர் சிறுவாய்க்காலிற் பாய்ந்து அதனை அகலமாக்குவதை நேயர்கள் வயலிலே கண்டிருப்பர். ஆயின் வாய்க்கால் அகல்வது கரை அரிபடுவதனால். நாடி அகல்வதோ தன் சுவரைத் தானே புதிதாகக் கட்டுவதனால். குருதியோட்டத்தின் வேகமே நாடியின் அகலத்தை நிர்ணயிக்கிறது என்னும் கருத்தை 1893இல் றிச்சட் தோமா என்னும் ஜேர்மன் அறிஞர் வெளியிட்டார்.

அவ்வோட்டத்தை நாடி உணர்வது எவ்வாறு? அதன் உட்புறத்தைப் போர்த்துள்ள ஒற்றைக் கலப்படையாகிய அகவணியே விடை. 1980இல் அமெரிக்க விஞ்ஞானி றொபேட் பேர்ச்கொட், நாடியைத் தளர்த்தும் பொருளொன்று இப்படையிலிருந்து பிறக்கிறதெனக் காட்டினார். அது நைத்திரிக் ஒட்சைட் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1986இல் லாங்கில், ஓடொனல் என்னும் இருவர் முயலின் கழுத்து நாடியிற் குருதியோட்டத்தைக் குறைத்தபோது, அந்நாடி சில வாரங்களில் ஒடுங்கியது. அகவணியை நீக்கியபின் அவ்வாறு செய்தபோது, அது ஒடுங்கவில்லை.

இத்திருப்பணியிற் பங்குகொள்ளும் வேறொருவரும் உளர். அவர் நாம் பகைவரென எண்ணும் அழற்சி. ஓட்டம் மிகுந்த கிளையின் சுவரில் வெண்குருதிக் கலங்கள் வந்து கூடி, பழைய சுவரைத் தளர்த்தி, புதுக் கலங்கள் பெருகத் தூண்டுகின்றன. அழற்சியின்றி அவ்வழி செவ்வனே விரிவதில்லை. ஆயின் கொழுப்புப் படிந்த நாடியில் அதே கலங்கள் நெடுங்காலம் தங்கிவிடின், கட்டவந்த கொத்தனே வீட்டை இடிப்பது போலாகிறது. நாடி தடித்தலில் அழற்சிக்குள்ள பங்கினை ஜேர்மனியின் வேர்ச்சோ 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். 1999இல் றசல் றொஸ் அதனை ஓர் அழற்சி நோயென்றே வரையறுத்தார்.

இதனிலும் வியப்பானது ஒன்றுண்டு. 1987இல் சீமோர் கிளகோவும் அவருடன் உழைத்தோரும் இறந்தோரின் இருதய நாடிகளை அளந்தனர். படிவு வளர வளர நாடியும் வெளிப்புறமாக விரிந்து, குருதி வழியைக் காத்துக் கொள்கிறது. படிவு ஏறத்தாழ 40 சதவீத இடத்தைக் கைப்பற்றிய பின்னரே வழி ஒடுங்கத் தொடங்குகிறது. உடல் தன்னைக் காக்கும் அத்திறமையே நோயை நெடுநாள் மறைத்தும் விடுகிறது.

ஹன்டரின் முடிவும் இதனையே உணர்த்துகிறது. பல ஆண்டுகள் நெஞ்சுவலியால் வருந்திய அவர், 1793 ஒக்டோபர் 16ஆந் திகதி, அதே சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் நடந்த கூட்டமொன்றில், வாக்குவாதத்தின் நடுவே சாய்ந்து உயிர் துறந்தார். அறுத்துப் பார்த்தபோது அவரது இருதய நாடிகள் எலும்புபோல் இறுகியிருந்தன. குருதியையும் அழற்சியையும் பற்றிய அவருடைய பெருநூல் மறு ஆண்டிலேதான் அச்சேறியது. வண்டிச் சாரதியின் காலிலே குருதிக்குப் புதுவழி தேடிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. அவ்வழியை உலகுக்குக் காட்டியவரின் நெஞ்சிலோ அது கிடைக்கவில்லை.