துலக்கத் துலக்கத் தேய்வது துரு மட்டும் அல்ல



ஆயுத பூஜை வருகிறது. பரணில் கிடக்கும் அரிவாளும் கத்தியும் கீழே இறங்கும். சில பழைய வீடுகளிலும் ஊர்க் கோயில்களிலும் பாட்டன் காலத்து வாள் ஒன்றும் வெளியே வரும். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எது போகிறது என்று சொல்லவே இந்தப் பதிவு.

உலகம் தேடி வந்து வாங்கிய எஃகு ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் உருவானது. சேலம், மைசூர், தெலங்கானா பகுதிகளில் இரும்புத் துண்டுகளோடு விறகுத் துண்டும் இலைதழையும் சேர்த்து, மண் மூசையில் அடைத்து, வாயைப் பூசி உலையில் காய்ச்சினார்கள். சேலத்துப் பக்கம் அதற்கு ஆவாரங்கட்டையைப் போட்டார்கள். ஐரோப்பியர் இந்த எஃகை 'வூட்ஸ்' என்றனர். கட்டிகளாகப் பாரசீகம் வரை போய் அங்கே வாளானது. மின்சார ஆராய்ச்சியில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே, அதற்கு முன்பே, 1819இல் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

இந்த எஃகில் அடித்த வாளின் அலகில், ஓடும் நீரைப் போல நெளிகோடுகள் தெரியும். அவை கண்ணுக்குத் தெரிவது மேல்பரப்பில்தான். பெயர், முத்திரை, தங்கக் கம்பி வேலைப்பாடு ஆகியவையும் மேலோட்டமானவையே. உப்புத்தாளால் தேய்த்தால் கோடுகள் மறையும். தேர்ந்த கைவினைஞர் அவற்றை மீண்டும் வெளிக்கொண்டு வரக்கூடும். அழிந்த எழுத்தையும் உதிர்ந்த தங்கத்தையும் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த வாள் யாருடையது, எந்தக் காலத்தது என்பதற்கு அந்த எழுத்துதானே சாட்சி?

ஜப்பானியர் வாளின் அலகைக் கண்ணாடி போலத் தீட்டுவார்கள். ஆனால் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியின் துருவைத் தொடமாட்டார்கள். அதன் நிறத்தைப் பார்த்தே வயதைக் கணிப்பார்கள்.

ஆகவே சில எச்சரிக்கைகள்:

1. எல்லாத் துருவும் ஒன்றல்ல. ஆரஞ்சு நிறத்தில், தொட்டால் பொடியாக ஒட்டுவது இரும்பைத் தின்னும் துரு. கறுத்துப் படிந்து, கையில் ஒட்டாமல் இருப்பது வாளின் முதுமை. அதை விட்டுவிடுங்கள்.

2. பொடித் துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெயும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். எண்ணெயைத் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள். ஒட்டியிருப்பதை மூங்கில் குச்சியால் மெதுவாக எடுக்கலாம். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும்.

3. வளைந்த வாளைப் பட்டறையில் காய்ச்சி நிமிர்த்தாதீர்கள். அதிகச் சூட்டில் நெளிகோடுகள் எஃகுக்குள்ளேயே கரைந்துபோகும்.

4. கைப்பிடியை வெந்நீரிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைக்காதீர்கள். நம் நாட்டு வாள்கள் பலவற்றில் பிடியை அலகோடு பிணைத்திருப்பது அரக்கு போன்ற பிசின். அது இளகிவிடும்.

5. வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு, விரல்ரேகை வடிவிலேயே துருவாகும்.

6. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும். உறையைத் தனியே வையுங்கள்.

7. நுனியில் எலுமிச்சம்பழம் குத்தும் வழக்கம் உண்டு. புளிப்பு சில மணி நேரத்திலேயே இரும்பைக் கறைப்படுத்திவிடும். பழத்தைத் தட்டில் வையுங்கள். சந்தனமும் குங்குமமும் வாளைத் தாங்கும் பலகைக்கு இடுங்கள். சாமி கோபிக்காது.

1855இல் தஞ்சை மராட்டிய அரசின் வாரிசுரிமையைக் கும்பினி ஏற்க மறுத்தது. பின்னர் அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. தப்பியவற்றில் சிலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். உங்கள் வீட்டு வாளில் எழுத்தோ தங்க வேலைப்பாடோ தெரிந்தால், துணியை எடுக்கும் முன் படம் எடுத்து அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் காட்டிக் கேளுங்கள்.

பளபளப்பு ஒரு நாள் பூஜைக்கு. மேலே இருக்கும் எழுத்து பேரன் பேத்திகளுக்கு. இந்த வருடம் புளியைக் குழம்புக்கு மட்டும் கரையுங்கள்.