அரிவாள்மணையும் சாணைக்கல்லும்

புணே நகரத்தை நம்மவர் நாவு இன்றும் பூனா என்றே அழைக்கிறது. இராஸ்தாப்பேட்டையிலும் கட்கியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் பல, ஊரிலிருந்து கொணர்ந்த அரிவாள்மணையைப் பரண்மேல் போட்டு வைத்துள்ளன. துருவேறிய அதனைப் பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் ஏற்றும் முன்னர் அதன் வரலாற்றைச் சற்றே நோக்குதல் நலம்.

இக்கருவி நமக்கு மட்டும் உரியதன்று. மராட்டியர் இதனை விளி என்பர். தெலுங்கர் கத்திபீட என்பர். கன்னடர் ஈளிகெமணெ என்பர். பெயர்கள் வேறாயினும் முறை ஒன்றே. கத்தி அசையாது நிற்கும். காய்தான் கத்தியிடம் செல்லும். இத்தகைய எளிய வீட்டுப் பொருள்களைப் போற்றிய பெருமகனார் ஒருவர் புணேயில் வாழ்ந்தார். தினகர் கேல்கர் (1896-1990) என்பது அவர் பெயர். இளமையிலேயே மறைந்த தம் மகன் ராஜாவின் நினைவாக அவர் அமைத்த பொருட்காட்சிசாலை பாஜிராவ் சாலையருகே இருக்கிறது. விளக்கு, பாக்குவெட்டி, காய் அரியும் கருவி என ஏறக்குறைய 20,000 பொருள்களை ஊர் ஊராய்த் தேடிச் சேர்த்து, அவற்றை மகாராட்டிர அரசுக்கு அளித்தார். மன்னர் வாளைப் போற்றினோர் பலர். அடுக்களைக் கத்தியைத் தேடி அலைந்தோர் மிகச் சிலரே.

பழைய கத்தியின் உயிர் அதன் உருக்கில் இருக்கிறது. இரும்பு நூறு பங்கிற்குக் கரி அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை சேர்ந்தால், அது கூர் தாங்கும் உருக்காகும். இக்கலையில் தென்னாடு தொன்மையானது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்புத் தொழிலின் பழந்தடயங்களை அகழாய்வாளர் கண்டனர். தென்னாட்டு உருக்கினை 'ஊட்ஸ்' என்ற பெயரால் 1795-இல் இலண்டன் அறிஞர் ஜார்ஜ் பியர்சன் ஆராய்ந்தெழுதினார். பின்னர், மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளரோடு கூடி அதன் இரகசியத்தைத் தேடினார். நம் வீட்டு அரிவாள்மணையும் அவ்வுருக்கே எனப் பெருமை பேச வேண்டா. சென்ற நூற்றாண்டின் ஊர்க்கொல்லர் மோட்டார் வண்டியின் பழைய வில்பட்டையை உலையிலிட்டு அடித்துச் செய்தவையும் பல. ஆயினும் அதுவும் நல்ல உருக்கே.

தீட்டும் கல்லின் கதை இதனினும் சுவையுடையது. 'கோரண்டம்' என உலகம் வழங்கும் கடுங்கல்லின் பெயர் நம் குருந்தம் என்னும் சொல்லினின்று பிறந்தது. சேலம் வட்டாரத்தில் கிடைக்கும் அக்கல்லைப் பொடித்து, அரக்கோடு பிசைந்து சாணைச் சக்கரம் செய்தனர். மராட்டிய நாட்டில் அச்சக்கரத்தைச் சுழற்றியோர் ஷிகல்கார் எனப்பட்டனர்; மெருகிடுதலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் இது. வாளும் ஈட்டியும் துலக்கியவர் அவர். பேஷ்வா ஆட்சி 1818-இல் முடிந்தது. படைக்கலத்துக்கு வேலை குறைந்தது. பின்னர் வீட்டுக் கத்தியும் கத்தரிக்கோலுமே அவர்க்குப் படியளந்தன. மிதிவண்டியின் மிதியால் சக்கரம் சுழற்றித் தெருத்தெருவாய் வருவோர் இத்தொழில் மரபின் இன்றைய தொடர்ச்சியே. துருப்பிடியா எஃகினை 1913-இல் ஷெப்பீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி கண்டறிந்தார்; 1980-களின் தொடக்கத்தில் சேலத்திலேயே அத்தகடு உருண்டது. மலிவுக் கத்தி மழுங்கினால் தீட்டுவாரில்லை, எறிந்துவிட்டு வேறு வாங்குகின்றனர். சாணைக்காரர் குரல் தேய்ந்தமைக்கு இஃது ஒரு காரணமென்றே நாம் எண்ணுகிறோம்.

சரி, பரண்மேல் கிடப்பதை மீட்பது எங்ஙனம்? புளியைக் கரைத்துத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுச் செங்கற்பொடியால் தேய்த்தால் செந்துரு நீங்கும். உடனே கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். அலகின்மேல் படிந்த கருநீல நிறத்தைச் சுரண்ட வேண்டா. அஃது அழுக்கன்று, துருவைத் தடுக்கும் போர்வை. மணையில் அலகு ஆட்டம் கண்டிருந்தால் முதலில் ஆப்பு வைத்து இறுக்குக.

தீட்டும்போது மணையை நிலையாய் வைத்துக்கொண்டு, நனைத்த சிறு கல்லை அலகின்மேல் சாய்த்து அடியிலிருந்து நுனி வரை நகர்த்துக. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். பிசிறு எழும் வரை ஒருபுறம் தீட்டி, பின் மறுபுறம் திரும்புவதே முறை. இறுதியில் நுண்ணிய கல்லால் இருபுறமும் மெல்ல ஒற்றினால் பிசிறு உதிர்ந்துவிடும்.

சாணைக்காரரிடம் தருவதாயின் ஒன்றை அஞ்சாது கேளுங்கள்: அடிக்கடி நீரில் தோய்க்கச் சொல்லுங்கள். உலர்ந்த சக்கரம் விரைந்து சுழன்று பொறி பறக்கையில், விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால், கொல்லர் உலையில் ஏற்றிய பதம் அவ்விடத்தில் போய்விடும். பின்னர் எத்துணை தீட்டினும் கூர் நில்லாது. நீலம் பாய்ந்த பகுதி முழுதும் தேயும் வரை காத்திருக்க வேண்டியதே.

எலுமிச்சை, மாங்காய், தக்காளி அரிந்தால் காத்திராது கழுவித் துடைத்துவிடுக. புணேயில் மழை ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை விடாது. அந்நாள்களில் அலகின்மேல் தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி வைத்தால் போதும்.