புறநகர் தேர்ந்த வரலாறு: மாட்டுங்கா முதல் நவி மும்பை வரை

மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு சந்தித்தால், நலம் விசாரித்த பின் எழும் முதற் கேள்வி, "ஜாகை எங்கே?" என்பதே. விடையாக வரும் ஊர்ப்பெயர் ஒன்றே, அக்குடும்பம் இம்மாநகருக்கு வந்த காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடும். மாட்டுங்கா என்றால் ஒரு தலைமுறை. செம்பூர் என்றால் அடுத்தது. முலுண்ட், டோம்பிவிலி என்றால் அதற்கும் அடுத்தது. நெரூல், பன்வேல் என்றால் நம் காலம். இவ்வரிசை தற்செயலாய் அமைந்ததன்று. அதன் பின்னே ஒரு கொள்ளைநோயும், இருப்புப் பாதையும், வாடகைச் சட்டமும் நிற்கின்றன. வீடு வாங்க முனையும் குடும்பங்கள் நம்மிடையே ஆண்டுதோறும் பெருகி வருவதால், நம் முன்னோர் ஊர் தேர்ந்த வரலாற்றை இம்மலரில் எண்ணிப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

கொள்ளைநோய் தந்த ஊர்

அன்று பம்பாய் என வழங்கிய இந்நகரில் 1896-ஆம் ஆண்டில் பிளேக் நோய் புகுந்தது. துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் தோன்றி, நெருக்கமான குடியிருப்புகளில் பரவிப் பல்லாயிரவர் உயிரைக் கொண்டது. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளே நோய்க்கு இருப்பிடம் என்று கருதிய அரசினர், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு ஒன்றை நிறுவினர். தீவின் வடபால் தாதர், மாட்டுங்கா, சயான் ஆகிய இடங்களில் நிலங்களைக் கையகப்படுத்தி, அகன்ற வீதிகளும் சாக்கடைகளும் பூங்காக்களும் அமைத்து, மனைகளாக வகுத்தது அந்த டிரஸ்டு. அம்மனைகளில் பெரும்பாலானவை கட்டடங்களாக எழுந்தது 1920-களிலும் 1930-களிலுமே.

அதே காலத்தில்தான் தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காடு முதலிய பகுதிகளிலிருந்து, தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் கோட்டைப் பகுதி அலுவலகங்களை நாடி வந்தனர். பம்பாயின் பழைய 'சால்' கட்டடங்களில் ஒரே தாழ்வாரத்தில் வரிசையாக அறைகள் இருக்கும்; குழாயும் கழிப்பிடமும் பொதுவானவை. மாட்டுங்காவின் மாடிக் கட்டடங்களிலோ ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிச் சமையலறையும், குளியலறையும், கழிப்பிடமும் அமைந்தன. ஆசாரம் பேணிய குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதலாயிற்று. ரயில் ஏறினால் அரை மணியில் விக்டோரியா டெர்மினஸ் சென்று சேரலாம் என்பது மற்றொரு வசதி.

ஆயினும், எல்லாத் தமிழருக்கும் இத்தேர்வு வாய்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருப்புப் பாதைக்கு மேற்கே தாராவியில், தோல் பதனிடும் தொழிலுக்கென நெல்லைச் சீமையிலிருந்து வந்தோர், சதுப்பு நிலத்தைத் தம் கையாலேயே தூர்த்துக் குடியேறினர். சாதியின் பெயரால் வீட்டுக் கதவு மூடப்பட்டவர்களும் அவர்களுள் பலர். ஊரைத் தேர்தல் என்பது கையில் பொருளும், கதவைத் திறக்கும் வீட்டுக்காரரும் உடையவர்க்கே கிட்டியது.

வாடகைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவைச் சொந்த ஊராக்கிக் கொண்டது எவ்வாறு? தங்களுக்கு வேண்டியவற்றைத் தாங்களே நிறுவியதனால். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1952-இல் தொடங்கிய ஸ்ரீ ஷண்முகானந்த சபை, 1963-இல் தன் பெருமண்டபத்தைத் திறந்தது. 1990-இல் அது தீக்கிரையானபோதும், 1998-இல் மீண்டும் எழுந்தது. கோயிலும், பள்ளியும், கச்சேரி மண்டபமும், வாழையிலை விற்கும் கடையும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தமையே அவ்வூரின் மதிப்பாயிற்று.

வாடகைச் சட்டமும் பகடியும்

போர்க்காலத்துக்குப் பின் நிலைமை மாறியது. 1947-இல் இயற்றப்பட்ட பம்பாய் வாடகைச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையைப் பெரும்பாலும் 1940-ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தியது. முன்னரே குடியிருந்தவர்க்கு அது வரம்; பின்னர் வந்தவர்க்கோ அதுவே தடை. வாடகை உயராது என்ற நிலையில், வாடகைக்கு விடுவதற்கென வீடு கட்டுவோர் அருகினர். காலியாகும் வீட்டுக்குப் 'பகடி' என்னும் பெருந்தொகை கேட்கப்பட்டது. மாட்டுங்காவில் மாமா வீட்டுக் கூடத்தில் படுத்துறங்கி வேலைக்குச் சென்ற இளைஞர், மணம் முடித்தபின் வேறு ஊர் தேட வேண்டியவரானார்.

அவ்வாறு தேடியவர்களுக்கு அகப்பட்டது செம்பூர். நகரின் குப்பையை ஏற்றிச் செல்வதற்காக 1906-இல் குர்லாவிலிருந்து இடப்பட்ட பாதை, 1924-இல் பயணிகளுக்கும் திறக்கப்பட்டது. நாடு பிரிந்தபின் சிந்தி அகதிகள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். 1954-இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையமும், அதையொட்டிய ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் தோன்றவே, தமிழரான விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் எழுத்தர்களும் அவ்வட்டாரத்தை நாடினர். தோட்டமும் மரமும் நிறைந்த ஊர் அது. ஆனால் ஆலைப்புகையும், தேவனார்க் குப்பைமேட்டின் நாற்றமும் விலையோடு சேர்ந்தே வந்தன. அவற்றைப் பொறுத்துக்கொண்ட குடும்பங்களே செட்டா நகரில் முருகனுக்குக் கோயில் எழுப்பின.

1966-இல் தென்னாட்டாருக்கு எதிரான இயக்கம் நகரில் தலையெடுத்தபோது, நம்மவர் அருகருகே குடியிருக்க விரும்பியது இயல்பே. எனினும், கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் மராத்தியரும் குஜராத்தியரும் தமிழரும் ஒரே நிர்வாகக் குழுவில் அமர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் சுவர்ப்பூச்சுக்கும் கணக்குப் பார்த்த ஆண்டுகளே, அச்சத்தைப் போக்கின என்று நாம் எண்ணுகிறோம்.

ரயில் நீண்டது, ஊரும் நீண்டது

1957-இல் மாநகராட்சியின் எல்லை முலுண்ட் வரை விரிந்தது. அதற்கப்பால் தாணே; அதற்கும் அப்பால், விக்டோரியா டெர்மினஸிலிருந்து சுமார் 48 கிலோமீட்டரில் டோம்பிவிலி. 1853-இல் நாட்டின் முதற் பயணி ரயில் தாணே வரை ஓடிய அதே தடத்தில், மறு நூற்றாண்டில் நம் குடும்பங்கள் ஒவ்வொரு நிலையமாக வெளியே நகர்ந்தன. 1963-இல் வந்த அடுக்குமாடி உடைமைச் சட்டம் வாங்குவோருக்கு ஓரளவு காப்பளித்தது. 1977-இல் வீட்டுக்கடனுக்கென்றே ஒரு நிறுவனம் தோன்றும் வரை, வருங்கால வைப்பு நிதியும் மனைவியின் நகையுமே பெரும்பாலோர்க்கு மூலதனம்.

டோம்பிவிலியில் விலை குறைவு. அதன் ஈடு நேரத்திலே செலுத்தப்பட்டது. விடியுமுன் உலை வைத்து, நெரிசல் வண்டியில் நின்று சென்று, இருட்டிய பின் திரும்பிய தாய்மார் எத்தனை பேர்! கதவருகே தொங்கிச் சென்று உயிர் இழந்தோரும் உண்டு. சதுர அடியில் மிச்சமானதை ஆயுளில் செலவிட்டோம் என்று சொன்னால் அது மிகையன்று.

இந்நெருக்கடியை முன்னுணர்ந்தே, வளைகுடாவுக்கு அப்பால் புதுநகர் வேண்டுமென்று சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் படேல் ஆகியோர் 1965-இல் திட்டம் முன்வைத்தனர். 1970-இல் சிட்கோ நிறுவப்பட்டது. ஆனால் மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடியது 1992-இல்தான். பன்வேலை எட்டியது 1998-இல். இடைப்பட்ட இருபதாண்டுகளில் வீடிருந்தும் வர ஆளில்லை. வண்டி வந்தபின் ஆளிருந்தும் விலை கட்டவில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது

வீடு பார்க்கும் அன்பர்களுக்கு இதிலிருந்து மூன்று செய்திகள் கிட்டுகின்றன. முதலாவது, வரப்போகும் ரயிலை நம்பி வாங்குவோர், அது வரும் வரை வாழும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, பத்திரத்தில் வீடு நமதானாலும், அடியிலுள்ள நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறியதா என்று கேட்க வேண்டும். கட்டுவோர் அதை மாற்றித் தராது காலங்கடத்தியதாலேயே, அவரின்றியே அம்மாற்றத்தைப் பெறும் வழி 2008-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2017 முதல், மகாராஷ்டிரத்தில் புதிய கட்டடத் திட்டங்கள், சிறியன நீங்கலாக, ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றாக வேண்டும். அப்பதிவைப் பாராமல் முன்பணம் தருதல் ஆகாது.

மூன்றாவதே தலையாயது. மாட்டுங்காவும் செம்பூரும் நம்மவர் வந்தபோதே தமிழர் ஊர்களாக இருக்கவில்லை. வந்தவர்கள் மாலை வேளைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஈந்து அவற்றை அவ்வாறு ஆக்கினர். இன்று குடும்பங்கள் பத்லாப்பூர் முதல் பன்வேல் வரை சிதறி வாழ்கின்றன. "அங்கே தமிழ் வகுப்பு உண்டா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் ஊரையே ஒதுக்குதல் எளிது. ஆனால், எந்தப் புறநகரிலும் அக்கேள்விக்கு 'உண்டு' என்ற விடையைத் தந்தது யாரோ ஒரு குடும்பத்தின் கூடமே. விலையும் வண்டியும் பார்த்து ஊரைத் தேர்வோம்; தேர்ந்தபின், நான்கு குழந்தைகளை அமர்த்தி அகரம் தொடங்க நம் கூடத்தில் இடம் விடுவோம். சங்கம் துணை நிற்கும். வாழிய நம் குடிகள்!