கூறு போட்ட கறி: தோட்டப்புற வரலாற்றில் ஒரு பங்கீட்டுக் கணக்கு



தோட்டப்புற வரலாறு என்றவுடன் நாம் கப்பலையும் கங்காணியையும் லயத்து வீடுகளையும் பேசுகிறோம். அந்தக் கூலியில் நம் மக்கள் என்ன உண்டார்கள், இறைச்சியை எவ்வாறு வாங்கினார்கள் என்பதை அரிதாகவே பேசுகிறோம். நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில், அந்தச் சமையற்கட்டுக் கணக்கை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

கூலியின் அளவு

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணிகள் வழியாக ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. 1920-களில் தொழிலாளர் இலாகா, ஒரு தமிழ்த் தொழிலாளி உயிர்வாழத் தேவையான பொருள்களைப் பட்டியலிட்டு, விலை பார்த்து, தரக் கூலியை நிர்ணயிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது அது ஆணுக்கு 28 காசு, பெண்ணுக்கு 24 காசு என்ற அளவுக்கு இறங்கியது.

பிற்காலத்தில் நெகிரி செம்பிலானிலிருந்து தம் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன் போன்றோர் உழைத்தார்கள், 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, கூலியும் உயர்ந்தது. ஆயினும் என் சிறுவயதில்கூட, விடாது மழை பெய்த மாதத்தில் பால்வெட்டு குறைந்து, சம்பளமும் மெலிந்துதான் வந்தது. நான் அறிந்த தோட்டக் கடையில் அரிசி, நெத்திலி, கருவாடு, டின் சாடின் எல்லாம் 555 புத்தகத்தில் கடனாக எழுதப்பட்டன. ஆட்டிறைச்சிக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அதற்குக் கையில் காசு வேண்டும்.

கொல்லையும் கூறும்

காசில்லாதவர்கள் இறைச்சி உண்ட வழிகள் இரண்டு. முதலாவது நிலம். குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டம் கூறியது. 1/16 ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டங்களும் சட்டப்படி நடந்தன என்று சொல்வதற்கில்லை. எனினும் லயத்தின் பின்புறம் கோழிக்கூடும் ஆட்டுக்கொட்டகையும் இருந்தமைக்கு நிலமே அடிப்படை.

இரண்டாவது வழி கூறு. தீபாவளிக்கோ முனியாண்டி கோயில் திருவிழாவுக்கோ ஓர் ஆட்டை ஒரு குடும்பம் தனியாக வாங்க இயலாது. எட்டோ பத்தோ குடும்பங்கள் சேர்ந்து வாங்கும். பணத்தை ஒரே தவணையில் கொடுக்க முடியாதவர் இரண்டு, மூன்று சம்பளத்தில் கொடுத்து முடிப்பார். ஆட்டை அறுத்தபின், விரித்த வாழையிலையில் கறி கூறுகளாக வைக்கப்படும். ஓர் ஆட்டில் 12 கிலோ கறி தேறினால், எட்டுக் குடும்பங்களுக்குத் தலைக்கு ஒன்றரைக் கிலோ. ஆனால் எடை மட்டுமே கணக்கன்று. ஒவ்வொரு கூறிலும் சதை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சிறிது சிறிது இருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் கூறுகளைப் பார்க்காதவாறு ஒரு சிறுவனைத் திருப்பி நிறுத்துவார்கள். ஒரு கூறைத் தொட்டு, "தம்பி, இது யாருக்கு?" என்று கேட்பார்கள். அவன் சொல்லும் பெயருக்கே அந்தக் கூறு. தண்டலுக்கென்று நல்ல சதையும் புல்வெட்டுக்காரருக்கென்று எலும்பும் போகாதிருக்க அதுவே காவல். பள்ளிக்கூடம் போகாதவர்கள் வகுத்த இந்த முறையில் பின்னமும் இருந்தது, நீதியும் இருந்தது.

அடுப்படியில் நின்ற நீதி

வீட்டுக்கு வந்த கறியை நீட்டிப்பது பெண்களின் பொறுப்பு. எலும்பு முதல் நாள் சூப்பாகும். சதையோடு உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் சேர்ந்து குழம்பு பெருகும். மிஞ்சிய குழம்பு மறுநாள் காலைத் தோசைக்கு. கூடுதலாகக் கிடைத்தால் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுவார்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். கூறின் நீதி வாசற்படி வரையில்தான் வந்தது. உள்ளே, தந்தைக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் துண்டுகள் போனபின், விடியற்காலையில் எழுந்து சமைத்து, காண்டா சுமந்து பால் தூக்கிய தாய்க்குப் பெரும்பாலும் குழம்பே எஞ்சியது. அரசாங்கப் பட்டியலில் பெண்ணின் கூலி 40 காசு. அடுப்படியில் அவள் பங்கு அதைவிடக் குறைவு. பழைய வாழ்வைப் போற்றும்போது இதை மறைப்பது வரலாறாகாது.

மாற்றங்கள்

தோட்டங்களில் இலவசமாகக் கிடைத்த இறைச்சி காட்டுப்பன்றி. வேட்டையாடியவர்கள் அதையும் கூறு போட்டார்கள். பண்ணைப் பன்றியிறைச்சியும் பலருக்குக் கைக்கெட்டும் விலையில் இருந்தது. 1998-1999-இல் பரவிய நிப்பா கிருமி அதை அச்சத்துக்குரியதாக்கியது. அக்கிருமி பெற்ற பெயரே நம் மாநிலத்தின் சுங்கை நிப்பா கிராமத்தினுடையது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் பெரும் பாதிப்புக்குள்ளானது. நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அதே காலக்கட்டத்தில் நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குக் கொல்லை இல்லை. கூறு சேர அந்தப் பழைய அண்டை வீட்டாரும் இல்லை. பண்ணைக் கோழி மட்டும் கைகொடுத்தது. ஒரு காலத்தில் விருந்தாளி வந்தால் மட்டுமே அறுக்கப்பட்ட கோழி அன்றாட உணவாயிற்று. அதுவும் நிலையானதன்று. 2022-இல் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஜூன் முதல் தேதி கோழி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஜூலையில் உச்சவரம்பு விலை கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசாக நிர்ணயிக்கப்பட்டது. 2023 நவம்பரில் அந்தக் கட்டுப்பாடும் நீங்கியது.

நாம் செய்யக்கூடியவை

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஐந்தில் ஒரு குழந்தை! இக்குழந்தைகள்தாம் பின்னர் நம் முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து அமர்கிறார்கள். பாடத்தில் கவனமில்லை என்று குறை கூறுமுன், தட்டில் என்ன இருந்தது என்று கேட்பதே முறை.

பெற்றோர்களே, கூறு முறை தோட்டத்தோடு அழிய வேண்டியதில்லை. ஒரே மாடியில் வாழும் நான்கு குடும்பங்கள் சேர்ந்து முழுக் கோழிகளையோ மீனையோ மொத்தச் சந்தையில் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கறி வாங்க இயலாத வாரத்தில் முட்டையும் நெத்திலியும் பருப்பும் குழந்தையின் தட்டுக்குப் புரதம் தரும். எது கிடைத்தாலும் மகனுக்கு வைத்த துண்டின் அளவே மகளுக்கும், அம்மாவுக்கும் வையுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, பின்னம் கற்பிக்கும்போது நாம் பீசாவை வரைகிறோம். ஒரு முறை வாழையிலையில் கூறு வரைந்து பாருங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் என்னவென்று மாணவர்கள் அறிவதோடு, அந்தப் பங்கு ஏன் சமமாக இருக்க வேண்டும் என்பதையும் கேட்பார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால்தான் அது நம் வரலாறாக நிற்கும்.