பட்டறை ரகசியம் பாடமான கதை

பழைய ஓவியங்களைச் செப்பனிடுவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட மேற்கு நாடுகளில் பெரும்பாலும் பட்டறை ரகசியமாகவே இருந்தது. வார்னிஷை எதைக் கொண்டு கரைத்தார், உதிர்ந்த இடத்தில் எவ்வளவைத் தாமே தீட்டி நிரப்பினார் என்பதைச் செப்பனிட்டவர் வெளியே சொல்வதில்லை. வாங்கி விற்பவருக்கும் அது யாருக்கும் தெரியாமலிருப்பதே வசதி. இந்த வழக்கம் உடைந்ததில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1895இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தின் காட்சிக்கூடங்களைவிட அதன் பின்கட்டு அறைகளே கலையுலகை அதிகம் மாற்றின என்பேன். அந்த அறைகள் ஒரு கல்விக்கூடத்துக்குள் இருந்ததே அதற்குக் காரணம்.

1909 முதல் 1944 வரை அதன் இயக்குநராக இருந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ், வாங்கிய பழைய இத்தாலிய ஓவியங்கள் சிதைவதைப் பார்த்து, அவை எதனால் ஆனவை என்று தேடப் புறப்பட்டவர். நாடு நாடாக நிறமிகளைச் சேர்த்தார். இன்று அந்தச் சேகரிப்பில் 2,500க்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. மாவிலை தின்ற மாட்டின் சிறுநீரிலிருந்து பீகாரில் எடுத்ததாகச் சொல்லப்படும் இந்திய மஞ்சளும் அவற்றுள் ஒன்று. இது வேடிக்கைக்குச் சேர்த்த சரக்கு அல்ல. பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. 15ஆம் நூற்றாண்டு ஓவியம் என்று விற்கப்பட்டதில் அது தென்பட்டால், ஒன்று பின்னாளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது முழுவதுமே போலி. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி கையில் இருந்தால்தான் இதைச் சொல்ல முடியும். ஃபோர்ப்ஸின் வகுப்பில் மாணவர்கள் நிறமி அரைத்து, முட்டைக் கருவில் குழைத்துத் தீட்டினார்கள், ஈரச் சாந்தின்மேல் சுவரோவியம் வரைந்தார்கள். ‘முட்டையும் சாந்தும்’ என்றே அந்த வகுப்புக்குப் பட்டப்பெயர். 1928 வாக்கில் ஓவியப் பாதுகாப்பாளர் ஜார்ஜ் ஸ்டவுட்டும் வேதியியலாளர் ரூதர்ஃபோர்டு கெட்டன்ஸும் சேர்ந்து ஆய்வுப் பிரிவு உருவானது. ஆலன் பரோஸ் ஓவியங்களை எக்ஸ்ரே எடுத்துக் குவித்தார். 1932 முதல் பத்தாண்டு காலம் கலைப்பொருள்களின் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்விதழையும் ஃபாக் நடத்தியது.

இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். பெர்லின் அரச அருங்காட்சியகங்கள் 1888இலேயே வேதியியலாளர் ஃபிரீட்ரிஷ் ராத்கெனைக் கொண்டு ஆய்வகம் அமைத்துவிட்டன. முதல் உலகப் போரின்போது நிலத்தடியில் பதுக்கிய பொருள்கள் கெட்டுப்போனதைக் கண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் வேதியியலாளரை அமர்த்தியது. ராத்கென் தம் முறைகளை நூலாகவும் எழுதினார். எல்லாம் சரிதான், முதலிடம் ஃபாக்குக்கு இல்லை. ஆனால் அந்த ஆய்வகங்கள் முதன்மையாகத் தங்கள் சேகரிப்பைக் காக்கப் பிறந்தவை. ஃபாக்கின் பின்கட்டு ஆள்களையும் உருவாக்கியது. பால் சாக்ஸ் 1921 முதல் நடத்திய அருங்காட்சியக வகுப்பிலிருந்து வந்தவர்கள் அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றின் தலைமைக்குப் போனார்கள். பாடம் நடத்துகிறவர் மாணவனின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே ரகசியம் நெடுநாள் தாங்காது.

இத்தனை அறிவும் வாசலைத் தாண்டவில்லை என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. மார்க் ராத்கோ தீட்டிக் கொடுத்த பெரிய ஓவியங்களை 1964இல் அதே ஹார்வர்டு, வெயில் கொட்டும் சாப்பாட்டுக் கூடம் ஒன்றில் மாட்டியது. அவற்றிலிருந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி ஒளியில் வெளுத்துப்போக, 1979க்குள் கழற்றிக் கிடங்கில் வைக்க வேண்டியதாயிற்று. இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. ஆய்வகத்துக்குத் தெரிந்தது கட்டடத்தை நிர்வகிப்பவருக்குத் தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் வெளுத்தது எதனால் என்று கண்டறிந்து வெளியிட்டதும் அங்குள்ள ஆய்வாளர்களே. 2014இல் அவர்கள் ஓவியத்தின்மேல் ஒரு துளி வண்ணமும் பூசாமல், விடுபட்ட நிறத்தை ஒளியாக மட்டும் பாய்ச்சிக் காட்டினார்கள். பழைய பட்டறைக்காரர் தூரிகையை எடுத்திருப்பார்.

இனி மிஞ்சுவது ஒரு கேள்வி: இது பணக்காரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆடம்பரம்தானே? சாக்ஸ் வங்கிக் குடும்பத்துப் பிள்ளை என்பதும் உண்மைதான். ஆனால் ஃபாக் நடத்திய அந்த ஆய்விதழ் பணக்காரர்களுக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சாந்தையும் நிறமியையும் பகுத்தாய்ந்து எழுதிய கட்டுரை 1937இல் அதில்தான் வந்தது. அவை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியவை என்பது அவர் முடிவு. அதை ஏற்கவோ மறுக்கவோ விரும்புகிறவர் எவருக்கும் அவர் செய்த சோதனைகள் அச்சிலேயே கிடைத்தன.