தொம்மலூரில் ஒரு வாசகன்

ஓர் எழுத்தாளன் எழுதிய நூல்களைப் பற்றிப் பேசுவோர் பலர்; அவன் படித்த நூல்களைப் பற்றிப் பேசுவோர் சிலர். அந்நூல்கள் அவன் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன என்று கேட்போரோ மிகவும் அரியர். ஆயினும் தமிழின் அண்மைக்கால வரலாற்றை நோக்கினால், இந்தக் கடைசிக் கேள்வியே பல இடங்களில் முதற்கேள்வியாக நிற்பதைக் காணலாம்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், புராணங்கள் என ஐயர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அவற்றால் சிறிதும் வியப்படைந்தாரில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று மட்டும் வினவினார். ஐயர் படித்ததில்லை. அறிவு போதாமை அதற்குக் காரணமன்று. நூல் கிடைக்காமையே காரணம். அன்று தொடங்கிய ஏடு தேடும் முயற்சியின் பயனாக 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஒரு நூல் இருப்பது வேறு. அது படிப்பவன் கைக்கு எட்டுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதிலேயே ஐயரின் வாணாளில் பெரும்பகுதி கழிந்தது.

இத்தொலைவு தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழருக்கு இன்னும் மிகுதி. பெங்களூரை எடுத்துக்கொள்வோம். 1809-இல் இங்கே ஆங்கிலேயர் தண்டு அமைந்த பின்னர், தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். அல்சூர் ஏரிக்கரையை அடுத்துத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1950-இல் தோன்றியது, நூலகமும் உண்டு. ஆயினும் இங்கிருந்து எழுதும் ஒருவனுக்குச் செய்தித்தாளும் வார இதழும் கிடைப்பதுபோல, நூறாண்டுக்கு முன் அச்சான ஒரு பதிப்போ, நின்றுபோன ஒரு திங்களிதழோ கிடைப்பதில்லை. அல்சூருக்கு அணித்தாகவே உள்ளது தொம்மலூர். 2008 வரை பயணிகள் விமானம் வந்திறங்கிய பழைய நிலையத்திற்குச் செல்லும் பெருஞ்சாலை இவ்வூர் வழியே போகிறது. இன்று மேம்பாலமும் கணிப்பொறி நிறுவனங்களுமே இவ்வூரின் அடையாளம். இங்கே குடியிருந்து எழுதுபவன் என்ற முறையில் என் படிப்பையே ஒரு சான்றாகச் சொல்லலாம். ஊருக்குப் போய்வரும் உறவினரிடம் பட்டியல் கொடுத்து அனுப்புதல், வந்தவற்றைப் பலமுறை படித்தல், வாராதவற்றைப் பிறர் எடுத்துக்காட்டிய மேற்கோள் வழியாக மட்டும் அறிதல்: நெடுங்காலம் படிப்பு இவ்வாறுதான் நடந்தது.

இந்நிலையை மாற்றியது இணையம். கணிப்பொறி என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் புலவர் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் பொறுத்தருள வேண்டும். ஏடு தேடிப் போனவர்களின் வழியில் வந்தவர்களே இணையத்திலும் தமிழை ஏற்றினார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டம் என்னும் பணியைத் தொடங்கினார். திட்டத்தின் முறை மிக எளியது. ஓர் அன்பர் தம் நாட்டில் இருந்தவாறே ஒரு நூலைத் தட்டெழுத்துச் செய்வார். கடல் கடந்து வாழும் மற்றோர் அன்பர் அதனை மெய்ப்புத் திருத்துவார். பின்பு எவரும் பொருள் கொடாமல் எடுத்துப் படிக்கும்படி அஃது இணையத்தில் வைக்கப்படும். முதலாவதாக ஏறிய நூல் திருக்குறள். ஊதியம் பெற்றவர் ஒருவரும் இலர். அக்காலத்தில் கணிப்பொறியில் தமிழ் எழுத்துக்கு ஒரு பொதுநெறி இல்லாமையால், ஒருவர் அனுப்பிய வெண்பா இன்னொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். நூலைத் தட்டெழுதுவதோடு எழுத்துருவுக்கு ஓர் ஒழுங்கு காண்பதும் அவர்கள் பொறுப்பாயிற்று. இன்று ஒருங்குறி என்னும் பொதுக் குறியீட்டு முறையால் அத்தொல்லை பெரிதும் தீர்ந்துவிட்டது.

மதுரைத் திட்டத்தார் எழுத்தை மீட்டார்கள். அச்சிட்ட தாளையே அப்படியே காக்க முயன்றவர் வேறு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம் எனப் பிறர் குப்பை என்று எறிந்தவற்றையெல்லாம் தம் இல்லத்தில் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்தார். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அச்செல்வம் சிதறாமல் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது. ஈழத்து நிலையோ கொடிது. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 2005-இல் தோன்றிய நூலகம் என்னும் இணையத் தொகுப்பு, ஈழத்து அச்சு ஆவணங்களைப் படியெடுத்துப் பொதுவில் வைத்து வருகிறது. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்தது அழிந்தால் என்னாகும் என்பதைக் கண்ணாரக் கண்ட மக்கள் செய்யும் பணி அது.

இனித் தொம்மலூருக்குத் திரும்புவோம். ஏனெனில் இணையத்தில் நான் கண்டவற்றுள் என்னை மிகவும் திகைக்க வைத்தது தொலைநாட்டு நூல் ஒன்றுமன்று. என் வீட்டுக்கு அணித்தே நிற்கும் கோயிலின் கல்வெட்டுகள்தாம்.

பெங்களூரிலேயே 1837-இல் பிறந்தவர் பெஞ்சமின் லூயி ரைஸ். இவர் தந்தையார் இலண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார். ரைஸ் மைசூர் நாட்டுக் கல்வித்துறையில் பணிபுரிந்து, ஊர் ஊராகச் சுற்றியபோது வழியிலெல்லாம் எழுத்துப் பொறித்த கற்களைக் கண்டார். மேஜர் டிக்சன் என்பார் எடுத்த கல்வெட்டுப் புகைப்படங்களைப் படித்துப் பொருள் காணும் பணியும் அவரிடம் வந்தது. பின்பு தொல்பொருள் துறைத் தலைவராகி, 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற தொகுதிகளை வெளியிடலானார். முதல் தொகுதி 1886-இல் வந்தது. பன்னிரண்டு தொகுதிகளில் ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகள் இடம்பெற்றன. பெங்களூர் மாவட்டத்திற்குரிய ஒன்பதாம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. அதனை இன்று இணைய ஆவணகத்தில் எவரும் திறந்து படிக்கலாம்.

திறந்து படிக்கலாம் என்று சொல்வது எளிது. ஆனால் தொம்மலூர் என்று எழுதித் தேடினால் ஒன்றும் அகப்படாது. அச்சுத் தாளைப் பொறி படித்து எழுத்தாக்கும்போது, ரோமன் எழுத்தின் மேலும் கீழும் இட்ட குறிகளால் அது மயங்கிவிடுகிறது. அதனினும் பெரிய தடை ஒன்றுண்டு: கல்வெட்டுக் காலத்தில் ஊருக்குப் பெயரே வேறு. தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் இவ்வூர் வழங்கியது. பழம்பெயரை அறிந்தவனுக்கே ஊர் அகப்படும். பழம்பெயரை அறிய வேண்டுமானாலோ அந்நூலைத்தான் படிக்க வேண்டும்! ஆகவே தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதே வழி. இதில் ஓர் ஊதியமும் உண்டு. இலைப்பாக்க நாடு என்ற பெயரை அவ்வாறு புரட்டுகையில்தான் காண்கிறோம். அதுவே இன்றைய எலகங்கா என்று அறியும்போது, நாள்தோறும் பேருந்துப் பலகையில் பார்க்கும் பெயர் புதிதாகத் தோன்றுகிறது.

தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் எழுந்தருளியிருப்பவர் திருமால். சொக்கப்பெருமாள் என்பது கல்வெட்டு வழங்கும் பெயர். மதுரைச் சொக்கரையே அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சொக்கு என்றால் அழகு. அழகர் என்பதும் திருமாலுக்குரிய பெயரே அன்றோ? இக்கோயிலின் எழுத்துகளில் பல தமிழில் உள்ளன. 1270-ஆம் ஆண்டினதாகக் கணித்த ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு கதவு நிலைகளைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியைக் கூறுகிறது. பேரரசர் எவரும் இல்லை, போர் இல்லை, வெற்றி இல்லை. இரண்டு நிலைகள் மட்டுமே. எழுநூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் நாம் அவர் பெயரைச் சொல்கிறோம். மற்றொன்றில் ஒரு கணவனும் மனைவியும் நிலக்கொடை அளிக்கின்றனர். சலப்பள்ளி என்ற ஊரும் விண்ணமங்கலத்து ஏரியும் அதில் பேசப்படுகின்றன. பின்னர் விசயநகரத் தேவராயர் காலத்தில் ஊரைச் சூழ்ந்த நிலமும் வீடும் கிணறும் வரிகளும் பெருமாளுக்கு உரியவாயின.

போசள வேந்தன் வீரராமநாதனும் இங்கே வருகிறான். சோமேசுவரனின் மக்கள் இருவர் நாட்டைப் பிரித்துக்கொண்டபோது, மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தில் இருந்து ஆள, இராமநாதன் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து தமிழ்ப் பகுதிகளை ஆண்டான். கோலார், பெங்களூர்ப் பக்கங்களும் அவன் பங்கில் அடங்கின. பிற்காலத்தில் ஓசூரை அடுத்த குந்தாணிக்கு அவன் இருக்கை மாறியது. கன்னட மரபில் வந்த மன்னன், தமிழில் ஆணை எழுதி, இன்று கன்னட நாட்டில் உள்ள ஊரின் திருமால் கோயிலுக்குப் பொருள் கொடுக்கிறான். அக்கல்லை நம்முடையது என்று தமிழரும் கன்னடரும் இருபுறமும் பற்றி இழுப்பதற்கு அதில் இடமில்லை. எழுதியவர்களுக்கு அத்தகைய பிணக்கு இருந்ததாகவும் தெரியவில்லை.

இம்மன்னனைப் பற்றி இணையத்தில் உலவி வந்த ஓர் ஆங்கிலக் குறிப்பை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1290-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, அவன் தொம்மலூர் வருவாயிலிருந்து பத்துப் 'பேனா'க்களைக் கோயிலுக்கு வழங்கினான் என்று அக்குறிப்புக் கூறுகிறது! மன்னன் பெயரும் இராமானந்தன் ஆகிவிட்டது. பேனா ஏது அந்நாளில்? அக்காலத்து நாணயமான பொன் என்பதே, ஆங்கில எழுத்தில் ஓரெழுத்து மாறியமையால் பேனாவாயிற்று என்று கொள்வதே பொருத்தம். எழுதுவோர் வழுவை ஏடுகளிலே கண்டு திருத்திய பழம்பதிப்பாசிரியர்கள் இதைக் கண்டால் நகைத்திருப்பார்கள். ஏட்டிலே நேர்ந்த பிழை, அதைப் பார்த்துப் படியெடுத்த சில ஏடுகளோடு நின்றது. இணையத்திலோ ஒருவர் எழுதியதை நூறு பேர் ஒரே நாளில் படியெடுக்கிறார்கள். ஆகவே இணையத்தில் படிப்பவனுக்கு மூலத்தைத் தேடிச் செல்லும் வழக்கம் முன்னினும் மிகுதியாக வேண்டும். நல்லூழாக, பிழையும் மூலமும் இப்போது ஒரே திரையில் கிடைக்கின்றன.

ஆனால் ரைஸின் நூலில் உள்ள கல்லெல்லாம் இன்றும் உள்ளனவா? இல்லை. நகரம் வளர வளர, வயலும் ஏரிக்கரையும் மனைகளாயின. அங்கங்கே நின்ற கற்கள் பல, கட்டடத்திற்குக் கீழும் சாலைக்குக் கீழும் போயின. சில துணி துவைக்கும் கற்களாகவும் பயன்பட்டன. அத்தகைய கல்லுக்கு இன்று நூலில் உள்ள பாடமே உடல். இடைக்கிடையே எதிர்பாராத பேறும் வாய்க்கிறது. 2018-இல் ஹெப்பாளத்தில் வடிகாலுக்காகத் தோண்டியபோது கிட்டய்யன் என்னும் வீரனுக்கு நட்ட கல் வெளிப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 750 என்பர். பெங்களூரில் கிடைத்த பழங்கன்னட எழுத்துகளுள் அது மிகத் தொன்மையானதாக மதிக்கப்படுகிறது.

பெங்களூரில் 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டி என்னும் ஆராய்ச்சிக் கழகம், 2021 முதல் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்து வருகிறது. முன்பெல்லாம் கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மையொற்றிப் படியெடுப்பார்கள். எழுத்துப் பள்ளம் வெள்ளையாகவும் கல்லின் மேடு கறுப்பாகவும் அமையும். கல் தேய்ந்திருந்தால் இரண்டும் கலங்கிவிடும். புதிய முறையில் ஒளியைக் கல்லின் மேல் வீசி, மேடு பள்ளங்களை மயிரிழை அளவுக்கு அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு கல்லின் உருவைக் கணிப்பொறியில் அமைக்கிறார்கள். பின்பு அவ்வுருவின் மேல் செயற்கை வெளிச்சத்தைப் பல திசையிலிருந்தும் சாய்த்துப் பார்த்தால், கண்ணுக்குப் புலப்படாத எழுத்தும் நிழலால் தெரிகிறது. மாலை வெயில் சாயும் வேளையில் கல்வெட்டுப் படிக்கும் பழைய ஆய்வாளர்களின் உத்தியே இது. வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே வேறுபாடு. கன்னடம், தமிழ், தெலுங்கு என்று மொழி பாராமல் இப்பதிவு நடைபெறுகிறது.

இவ்வுருவங்களைப் படிக்கத் தமிழ்க் கல்லெழுத்து அறிந்தவர் வேண்டும். அத்தகையோர் தொகை குறைவு. புள்ளியில்லாத மெய்யும், இடையிடையே வரும் கிரந்த எழுத்தும் முதலில் மிரட்டும். ஆனால் ஒரு கோயிலில் ஐந்து கல்வெட்டைப் பொறுமையாக எழுத்துக்கூட்டியவனுக்கு ஆறாவது கல்வெட்டுத் தானே வழிவிடும். தம் ஊரின் பெயரிலிருந்து தொடங்க விரும்புவோர், கோலார்ப் பக்கத்தவராயின் ரைஸின் பத்தாம் தொகுதியையும், தமிழ்நாட்டவராயின் 1890-இல் ஹுல்ட்ஷ் தொடங்கிவைத்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் இணையத்திலேயே காணலாம். தேடும்போது இன்றைய ஊர்ப்பெயரோடு, பழைய நாட்டுப் பிரிவின் பெயரையும் இறைவன் பெயரையும் சேர்த்துத் தேடுதல் நலம். தொம்மலூர் எனக்கு அகப்பட்டது சொக்கப்பெருமாள் என்ற பெயரால்தான்.