ரேடியேட்டர் மேல் ஒரு தெர்மாமீட்டர்

பி.காம் படிக்கிறவனுக்கு ரேடியேட்டரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

அப்பா வாடகைக்கு ஓட்டும் காரில் வெப்பநிலை காட்டும் ஊசி கிடையாது. இப்போது வரும் பல சின்ன கார்களைப் போல ஒரு நீல விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். போன மே மாதம் செங்கல்பட்டு தாண்டிப் போகும்போது ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. சிவப்பு விளக்கு எரியவே இல்லை! வண்டி இழுக்காமல் நின்ற பிறகுதான் அப்பாவுக்கே தெரிந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. என் செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதோடு போனது.

விளக்கு ஏன் எரியவில்லை? இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்ததில்தான் ஒரு நூற்றாண்டுக் கதை கிடைத்தது.

1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த கொஞ்சம் வண்டிகளைத் தவிர மற்றவற்றில் வாட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தை நம்பியே இன்ஜின் ஓடியது. தண்ணீர் மட்டம் குறைந்து மேல் குழாய்க்குக் கீழே போனால் சுற்றோட்டம் நின்றுவிடும். டிரைவருக்கு இதைச் சொல்ல ஒரு மீட்டரும் இல்லை. ஆவி கிளம்பினால்தான் தெரியும்.

இங்கேதான் ஹாரிசன் பாய்ஸ் என்ற அமெரிக்கர் வருகிறார். 1912-ல் இவர் காப்புரிமை பெற்ற 'மோட்டோமீட்டர்' மிக எளிமையான சாமான். ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் சிவப்புத் திரவம் நிரப்பிய தெர்மாமீட்டர். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒயர் இல்லை, குழாய் இல்லை. பழைய மூடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வேலை முடிந்தது.

இதில் உள்ள சூட்சுமம்தான் என்னை அசத்தியது. அது தண்ணீரின் சூட்டை அளக்கவில்லை. தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டை அளந்தது. தண்ணீரில் மூழ்கியிருக்கும் சென்சார், தண்ணீர் போய்விட்டால் எதை அளக்கும்? வெறும் காற்றை! இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே குறைந்த சூட்டைக் காட்டும். எங்கள் காரில் நடந்தது இதேதான். பாய்ஸ் நூறு வருஷம் முன்னாடியே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார் :)

இப்போது கொஞ்சம் காமர்ஸ். மோட்டோமீட்டர் தனியாக வாங்கி மாட்டும் சாமானாகவும் விற்றது, கார் கம்பெனிகளின் பெயரை டயலில் போட்டுக் கொடுத்தும் விற்றது. ஆனால் ஒரு உதிரிச் சாமான் எல்லோருக்கும் தேவை என்று நிரூபணமானால், கார் கம்பெனியே அதை உள்ளே வைத்துவிடும். 1920-களின் கடைசியில் வெப்பமானி டாஷ்போர்டுக்குள் போனது. பிறகு ரேடியேட்டர் மூடியும் பானெட்டுக்குள் ஒளிந்துகொண்டது. மோட்டோமீட்டர் உட்கார இடமே இல்லாமல் போய்விட்டது. ஜெயித்ததாலேயே தோற்ற பொருள் என்று சொல்லலாம்.

டாஷ்போர்டு மீட்டருக்குப் பின்னால் இருந்தது 1849-ல் பிரான்ஸில் யூஜின் பூர்டோன் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய். இன்ஜினில் ஈதர் நிரப்பிய ஒரு குமிழ், அங்கிருந்து டாஷ்போர்டு வரை மெல்லிய செம்புக் குழாய். சூடு ஏறினால் அழுத்தம் ஏறும், வளைந்த குழாய் நிமிரப் பார்க்கும், ஊசி நகரும். குழாய் உடைந்தால் மீட்டர் காலி.

அடுத்து மின்சாரம். சூடு ஏறினால் சில பொருட்களின் மின்தடை குறையும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1833-லேயே சில்வர் சல்ஃபைடில் கவனித்திருக்கிறார். அதே தத்துவத்தில் வந்த தெர்மிஸ்டர்தான் இன்றைய சென்சாருக்குள் இருக்கிறது. இடையில் 1930-களில் ஹட்சன் கம்பெனி ஆயில் அழுத்தம் போன்றவற்றுக்கு ஊசியை எடுத்துவிட்டு விளக்கு வைத்தது. செலவு மிச்சம். அமெரிக்காவில் அதற்கு 'முட்டாள் விளக்கு' என்றே பட்டப்பெயர். எங்களை ஏமாற்றியது அதன் பேரப்பிள்ளைதான்.

கடைசியில் நாங்களும் தனியாக ஒரு மீட்டர் வாங்கி மாட்டினோம். இன்ஜின் ஆறிய பிறகு கூலன்டை வடித்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, நடுவே ஒரு அலுமினியத் துண்டை கிளாம்ப் போட்டுப் பொருத்தி, அதில் சென்சாரை முறுக்கினோம். வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஊசி அசையவே இல்லை. தெர்மோஸ்டாட் திறந்தால்தான் மேல் ஹோஸுக்கு சுடுதண்ணீர் வரும் என்று காத்திருந்தோம். ஹோஸ் கொதித்தது, ஊசி அப்படியே இருந்தது. மீட்டர் போலி என்று கடைக்காரரை நான் திட்ட ஆரம்பித்துவிட்டேன். மெக்கானிக் அண்ணன் சிரித்துக்கொண்டே, "தம்பி, ரெண்டு பக்கமும் ரப்பர். எர்த் எங்கிருந்து வரும்?" என்று கேட்டு, அலுமினியத் துண்டிலிருந்து இன்ஜினுக்கு ஒரு ஒயர் இழுத்தார். ஊசி எழுந்தது.

தண்ணீர் முழுக்கப் போனால் இந்த சென்சாரும் காற்றில்தான் தொங்கும், உண்மைதான். ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் ஊசி திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் ஏதோ சரியில்லை என்று அப்பாவுக்குப் புரியும். விளக்கு ஆபத்து வந்த பிறகுதான் சொல்லும், சில சமயம் அதையும் சொல்லாது. ஊசியில் ஆபத்து வரும் வழியே தெரியும்.

இப்போதெல்லாம் சிக்னலில் நிற்கும்போது அப்பாவின் கண் முதலில் அந்த ஊசிக்குத்தான் போகிறது. உங்கள் வீட்டு வண்டியில் ஊசி இருக்கிறதா, விளக்கு மட்டும்தானா? இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.